கமாவில் தொங்கிய மாமா

அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருங்கே உரிமை பெற்ற என் அக்கா மகளுக்கு,

இந்நகரின் உயர்ந்த கட்டடங்களையெல்லாம் ஒற்றை ஸ்குரூடிரைவரால் ஆண்டு வருபவனும், லிஃப்ட் மெக்கானிக்குகளில் தலைசிறந்தவனும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமன் என்பதால் வேறு வழியின்றி நீ மதித்தே தீர வேண்டியவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் கருவிப்பெட்டி, மொட்டைமாடிப் புறாக்கள் அனைவரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, என் அக்கா, உங்கள் வாசலில் கொட்டும் பனி ஆகியோர் சுகம்தானே?

உன் கடிதம் வந்தது. மேல் அறையைத் துடைத்து எனக்கென்று கட்டில் போட்டாயிற்று என்றும், கம்பளிக் கோட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியாயிற்று என்றும் எழுதியிருந்தாய். "இனிமே நீங்க அங்க தனியா இருக்க வேணாம் மாமா. இங்க குடியேற அந்த இங்கிலீஷ் பரீட்சை ஒண்ணுதான் பாக்கி, அதை மட்டும் தேறிடுங்க. வர்றீங்களா, இல்லையா? கதை வேணாம். ஒரே வாக்கியத்துல பதில் எழுதுங்க" என்று முடித்திருந்தாய். ஒரே வாக்கியம்! குழந்தாய், நீ சாதாரணமாக எழுதிவிட்டாய். வாக்கியம் என்பது எவ்வளவு ஆபத்தான வஸ்து என்று எனக்கு இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. போகட்டும், கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்: வருகிறேன். கல்லில் செதுக்கிக்கொள். ஆனால் இந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் வந்து சேர்ந்த பாதையைச் சொல்லாமல் விட்டால் எதிர்கால மனித குலம் என் சட்டையைப் பிடித்து உலுக்கும் என்பதால், இனி வருவதை உட்கார்ந்து, முடிந்தால் கையில் டீயுடன், படிக்கவும்.

நீ சொன்னபடியே இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். கடைத்தெருக் கோடியில் ஒரு உயர்ந்த கட்டடம், அதன் ஐந்தாம் மாடியில் மாலை வகுப்பு. அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பராமரிப்பில் இருப்பது. என் கைபட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதாக மூவுலகிலும் சேதி கிடையாது. அதில் ஏறியவர்கள் அந்தச் சொகுசில் இறங்க மனமில்லாமல் மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருந்து, உள்ளேயே தலை நரைத்துப் போனதாகக்கூடக் கேள்வி. வகுப்பெடுப்பவர் ஒரு ஒல்லி வாத்தியார். மனிதர் வார்த்தையை எண்ணித்தான் வெளியே விடுவார். "உட்காருங்க. எழுதுங்க. போதும்." இதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால் நான் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன். கூடப் படிப்பவர்களில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு, இரண்டு வேன் டிரைவர்கள் உண்டு. அப்புறம் ஒரு கண்ணாடிக்கடை அம்மாள் உண்டு.

இந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இலக்கண நோக்கில் மட்டும். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என்னைப் போலவே ஒண்டிக்கட்டை. காதோரம் நரை. கையில் எப்போதும் கண்ணாடி துடைக்கும் ஒரு மஞ்சள் துணி. யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, அந்தத் துணியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்பார். முதல் நாள் வாத்தியார், "ஏன் இங்கிலீஷ் படிக்கறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் உன்னைப் பற்றியும் பனியைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் சுருக்கமாக அரைமணி நேரம் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "எழுத்தெல்லாம் தெரியும் சார். கடைச் சுவத்துல பெரிசு சிறிசா மாட்டித்தான் வெச்சிருக்கேன். அதெல்லாம் ஒண்ணு சேர்ந்து என்ன சொல்லுதுன்னுதான் தெரியல." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் மாடி ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் எதற்காகவோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடத்துக்கு வருவோம். ஒரு வாக்கியத்துக்குள் முதன்மைத் தொடர் என்று ஒன்று, சார்புத் தொடர் என்று ஒன்று. முற்றுப்புள்ளி தன் பாணியில் விளக்கினார். "தனியா நிக்கும். அது மெயின். தனியா நிக்காது. சாஞ்சுக்கும். அது சார்பு. புரிஞ்சுதா?" நான் எழுந்தேன். "சார், நான் கூட ரொம்ப வருஷமா தனியாத்தான் நிக்கறேன். அப்ப நான் மெயினா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பாராகிராஃப். உட்காருங்க." அந்த அம்மாள் மஞ்சள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். மெயின் ஒன்று தனியாக நின்றால் அது தனி வாக்கியமாம். இரண்டு மெயின் தோளோடு தோள் நின்று நடுவில் 'அண்ட்' போட்டுக்கொண்டால் தொடர் வாக்கியமாம், அதில் யாரும் யார்மேலும் சாய்வதில்லை. ஒன்று நின்று, இன்னொன்று அதன்மேல் சாய்ந்தால் கலவை வாக்கியமாம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோது தெருவில் போனவர்களெல்லாம் எனக்கு வாக்கியங்களாகத் தெரிந்தார்கள். ஒரு குடைக்குள் இருவர் போனால் 'அண்ட்' போகிறது என்பேன். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஒருவர் போனால் கலவை வாக்கியம் கடந்து போகிறது என்பேன். கடைக் கண்ணாடியில் என் நிழல் தெரிந்தது. தனி வாக்கியம். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை, இருந்தாலும் என்னவோ பார்க்கச் சப்பென்றிருந்தது.

அடுத்த வகுப்பில்தான் விபரீதம். "ஆளுக்கு ஒரு சார்புத் தொடர். போர்டுல எழுதுங்க. கமா வைங்க. அப்புறம் மெயின்" என்றார் வாத்தியார். சார்பு முன்னால் வந்தால் பின்னால் கமா போட வேண்டும், அது சட்டம். கமா என்றால் 'இரு, இன்னும் இருக்கிறது' என்று அர்த்தம். முதலில் நான் போனேன். 'பிகாஸ் ஐ நோ எவ்ரிதிங்' என்று எழுதி, கமா வைத்து, ஒரு மெயின் போதாது என்று தோன்றியதால் வரிசையாக மெயின்களாக எழுதிக்கொண்டே போனேன். பலகை தீர்ந்து சுவருக்குப் போனேன். சுவரும் தீர்ந்து கதவு நிலைக்குப் போயிருப்பேன், அதற்குள் வாத்தியார் சாக்குக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கடைசியாக அந்த அம்மாள் எழுந்து வந்தார். என் எழுத்தை ஒரு ஓரமாக அழித்து இடம் பண்ணிக்கொண்டு, கண்பரிசோதனைப் பலகையில் இருப்பது போன்ற நேரான பெரிய எழுத்தில் எழுதினார்: 'ஆல்தோ ஹீ டாக்ஸ் டூ மச்'. அதாவது, 'அவர் அளவுக்கு மீறிப் பேசினாலும்'. எழுதி, பக்கத்தில் ஏதோ ஒரு புள்ளி வைத்து, திரும்பி வகுப்பை ஒரு பார்வை பார்த்து, மெயினை எழுதச் சாக்குக்கட்டியைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, கதவு படாரென்று திறந்தது. அடுத்த மணிக்கு அதே அறையில் டிரம்ஸ் வகுப்பு. டமடமவென்று அத்தனை டிரம்ஸும் உள்ளே வந்துவிட்டன. "அப்புறம். போகலாம்" என்றார் முற்றுப்புள்ளி. போனோம். மறுநாள் வாத்தியாருக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூசணி மாதிரி. வீக்கம் வடியும்வரை வகுப்பு கிடையாது என்று கட்டடத்து வாட்ச்மேன் சொன்னார்.

குழந்தாய், ஒரு மனிதனை இப்படியா நடுவாக்கியத்தில் நிறுத்துவது? அவர் அளவுக்கு மீறிப் பேசினாலும், என்ன? பேசினாலும் பரவாயில்லையா? பேசினாலும் விஷயம் ஒன்றுமில்லையா? பேசினாலும் பல் நன்றாக இருக்கிறதா? அன்று மத்தியானம் வேலைக்காக அதே கட்டடத்து மொட்டைமாடியில் உள்ள லிஃப்ட் எந்திர அறைக்குப் போனேன். கிரீஸ் வாசனை, வெதுவெதுப்பு, வெளியே புறாக்களின் முனகல், கம்பிவடம் சக்கரத்தில் வழுக்கிப் போகும் சத்தம். அந்த அறையில் யாருக்கும் கண் செருகும். எனக்கும் செருகியது. கனவில் வானத்திலிருந்து கொக்கி மாதிரி ஒரு பிரம்மாண்டமான கமா இறங்கிவர, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நான் தொங்குகிறேன். கீழே ஊர் முழுக்க விளக்கு, காலுக்கடியில் மேகம். மேகங்கள் ஒவ்வொன்றாக வந்து என் காதில், "பேசினாலும்...? பேசினாலும்...?" என்று கேட்டுவிட்டுப் போகின்றன. பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். இறங்கவே மனம் வரவில்லை. கண் விழித்தபோது எதிரே லிஃப்டின் எதிர் எடை மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உனக்குத் தெரிந்திருக்கும், சின்ன வயசில் காட்டியிருக்கிறேன். வடத்தின் ஒரு முனையில் ஆள் ஏறும் கூண்டு, மறு முனையில் அந்த இரும்புப் பாரம். பாரம் இறங்கினால் கூண்டு ஏறும், இதில் மாற்றமே கிடையாது. சட்டென்று உறைத்தது. ஆல்தோ! அதுதான் எதிர் எடை! முன்பாதியில் ஒருவனை இறக்கினால் பின்பாதியில் ஏற்றியே ஆக வேண்டும்! 'அளவுக்கு மீறிப் பேசுகிறார்' என்று என்னை இறக்கியாயிற்று. அப்படியானால் இனி வருவது ஏற்றம்! எந்திர அறையிலேயே ஒரு குதி குதித்தேன். புறாக்கள் வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன.

ஆனால் சந்தேகம் என்று ஒன்று உண்டே. அவர் வைத்தது கமாவா, முற்றுப்புள்ளியா? முற்றுப்புள்ளி என்றால் அவ்வளவுதான், அம்மாளுக்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை, நான் அளவுக்கு மீறிப் பேசுகிறேன், கதை முடிந்தது. ஐந்தாம் மாடிக்கு ஓடினேன். பலகை துடைத்த முகம் மாதிரி பளிச்சென்று இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பிடித்தேன்.

"ஏம்மா, போர்டை அழிச்சீங்களே, கடைசி வரியில ஒரு புள்ளி இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"ஆயிரம் புள்ளி இருந்துச்சு. சுவத்துல கிறுக்கின புண்ணியவான் யாரு? கை விட்டுப்போச்சு எனக்கு."

"அதை விடுங்க, அவன் யாரோ. இந்தப் புள்ளிக்கு வால் இருந்துச்சா?"

"புள்ளிக்கு ஏதுய்யா வாலு? பல்லிக்குத்தான் வாலு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஒரு மனுஷன் வாழ்க்கையே அந்த வால்லதான் இருக்கு."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னையே பார்த்தார். "வீட்ல யாரும் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார். மிகவும் மெதுவாகக் கேட்டார். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கழுத்தைச் சுற்றித் துண்டு, இரண்டு கன்னமும் தோளில் உட்கார்ந்திருந்தன. என் எதிர் எடைக் கொள்கையை எடுத்து விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டார். கட்டைவிரலை உயர்த்தினார். "அப்ப என்னைப் பத்தி நல்லதாத்தானே வரணும் சார்?" என்றேன். அவர் வலியோடு வாயைத் திறந்து இரண்டே வார்த்தை சொன்னார். "ஹீ யாரு?" அதை நான் யோசிக்கவே இல்லையே! 'ஹீ' என்றால் உலகத்தில் உள்ள ஆண்பிள்ளைகளில் எவன் வேண்டுமானாலும் இருக்கலாமே! பேக்கரிக்காரரும் கொஞ்சம் பேசுவார். வாட்ச்மேன் ஆளைப் பிடித்தால் விடவே மாட்டார். நான் மட்டுமா அளவுக்கு மீறிப் பேசுகிறவன்? வரும் வழியெல்லாம் தெருவில் பேசிக்கொண்டு போன ஒவ்வொரு ஆண்மகனையும் பொறாமையோடு பார்த்தேன்.

இனி நேரடி நடவடிக்கைதான் என்று, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலே, கண்ணாடிக்கடைக்குப் போனேன். மறுபடி சொல்கிறேன், இலக்கண நோக்கில் மட்டும். உள்ளே விளக்கைத் தணித்து நாற்காலியில் உட்கார வைத்தார். சுவரெல்லாம் காலிச் சட்டங்கள், அத்தனை மூக்கில்லாக் கண்ணாடிகளும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. என் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி ஒவ்வொரு வில்லையாகப் போட்டார். "இது தெளிவா இருக்கா? இல்ல இதுவா?" வினா வாக்கியம். "தலையை ஆட்டாதீங்க." கட்டளை வாக்கியம். "அடேங்கப்பா, இந்தக் கடைசி வரிகூடத் தெரியுதா!" உணர்ச்சி வாக்கியம். வாக்கிய வகையெல்லாம் வந்தாயிற்று, செய்தி வாக்கியம் மட்டும் வரவில்லை. என்னைப் பற்றி ஒரு செய்தி, ஒரே ஒரு செய்தி, அதற்குத்தானே வந்திருக்கிறேன்? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நிஜமாவே ஊரை விட்டுப் போறீங்களா சார்?" என்றார். மஞ்சள் துணி விரலில் சுற்றி நின்றது.

அவ்வளவுதான், எனக்குள் இருந்த பாராகிராஃப் புறப்பட்டுவிட்டது. உன் வீட்டுக்கு எழுபது ஜன்னல் என்றேன். பனி விழுந்தால் கதவைத் திறக்க முடியாமல் புகைபோக்கி வழியாகத்தான் வேலைக்குப் போவீர்கள் என்றேன். கம்பளிக் கோட்டின் கனத்தில் கதவே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது என்றேன். அந்த அம்மாள் இடையில் ஒருமுறை வாயைத் திறந்தார். நான் மாப்பிள்ளையின் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி திறந்தார். நான் உங்கள் ஊர் லிஃப்டுகளின் தரக்குறைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றி, வில்லையை நெடுநேரம் துடைத்து, "அப்படியா" என்றார்.

அப்படியா. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் படும் பாடு இருக்கிறதே! இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கேள்விக்குறி இருக்கிறது, ஆச்சரியக்குறி இருக்கிறது. நம் அப்படியாவுக்கு எதைப் போடுவது? கேட்டால் கேள்வி. நம்பாவிட்டால் ஆச்சரியம். 'சரி, இடத்தைக் காலி பண்ணு' என்றால் கட்டளை. அந்த அம்மாள் சொன்னது எந்த ரகம் என்று நானும் எல்லாத் தொனியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணாடி முன் நின்று சொன்னேன். எந்திர அறையில் சொன்னேன். கடைசியில் அது செய்தி வாக்கியம்தான் என்று தெளிந்தேன். போகிறீர்களா, போங்கள். அவ்வளவுதான் செய்தி. அந்த 'ஹீ' வேறு எவனோ. நல்லா இருக்கட்டும்.

ஆகவே, ஒருவன் எத்தனை நாள்தான் கமாவில் தொங்குவது? வருகிறேன், வருகிறேன், வருகிறேன். பரீட்சையை ஊதித் தள்ளிவிட்டு வருகிறேன். மேல் அறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு வை. பேசாமல் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்துடன் இந்த ஊர், இந்த லிஃப்டுகள், மூக்குக்கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய முற்றுப்புள்ளி.

அக்காவுக்கு என் பணிவான வணக்கமும் பணிவில்லாத அன்பும். இதில் கண்ணாடிக்கடை வரும் இடங்களை அவளுக்குப் படித்துக் காட்டாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் ஏறும் லிஃப்டெல்லாம் ஏறட்டும், இறங்க வேண்டிய இடத்தில் கதவு திறக்கட்டும் என்று வாழ்த்தி நிற்கும்,

உன் தாய்மாமன்.

பி.கு.: மேலே உள்ளதை மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, தபால்பெட்டியின் வாய்வரை கொண்டுபோய், கையை வெளியே இழுத்து, உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். வாத்தியாருக்கு வீக்கம் வடிந்து இன்று வகுப்பு வைத்தார். நான் லிஃப்டில் ஏறிப் பொத்தானை அமுக்குகையில் அந்த அம்மாள் விரைந்து வந்தார். கையால் கதவைத் தடுத்தேன். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். லிஃப்ட் புறப்பட்டது. நானும் புறப்பட்டேன். அந்தக் கோட்டுக்கு எத்தனை பை என்று அண்ணாந்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், என் லிஃப்ட் நின்றது. குழந்தாய், என் லிஃப்ட்! எனக்கு உலகம் நின்ற மாதிரி ஆகிவிட்டது. கதவு காண்டாக்டாக இருக்கும் என்றேன். பிரேக்காக இருக்கும் என்றேன். மின்சார வாரியத்தின் சதி என்றேன். கூரையைத் தட்டினேன், தரையில் காதை வைத்தேன், பேசிக்கொண்டே இருந்தேன்.

"சார், லிஃப்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அம்மாள். சிவப்புப் பொத்தான்மேல் அவர் விரல் இருந்தது. "நான்தான் நிறுத்தினேன். லிஃப்டை நிறுத்த ஒரு பொத்தான் வெச்சிருக்கீங்க. உங்களை நிறுத்தத்தான் எங்க வெச்சிருக்கீங்கன்னு தெரியல. கொஞ்சம் பேசாம இருங்க. என் மெயின் பாக்கி இருக்கு."

நான் வாயை மூடினேன். மேலே சின்ன விசிறி மட்டும் சுற்றியது. மஞ்சள் விளக்கு. தோள் உயரத்தில், கதவிடுக்கு வழியே மூன்றாம் மாடியின் தரையில் யாருடைய செருப்போ நடந்து போயிற்று. அந்த அம்மாள் சாக்குக்கட்டி பிடிப்பது போல விரலைத் தூக்கி, பாடம் ஒப்பிக்கிற குரலில், "ஆல்தோ ஹீ டாக்ஸ் டூ மச்" என்றார். காற்றில் ஒரு புள்ளி வைத்தார். வைத்து, கீழே வளைத்து இழுத்தார். வால் இருந்தது! என் இரு கண்ணாலும் பார்த்தேன்! அப்புறம் சொன்னார்: "ஐ லிஸன்."

நான் கேட்கிறேன். பேசினாலும், நான் கேட்கிறேன்.

எனக்கு வாத்தியாரின் கேள்வி ஞாபகம் வந்தது. "ஹீ யாரு?" என்றேன்.

"இந்த லிஃப்டுல வேற எத்தனை பேர் இருக்காங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. நீ நம்ப மாட்டாய். சொன்னால் உன் அம்மாவும் நம்ப மாட்டாள். லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்க, கூண்டு முழுக்க அந்த அமைதி மெல்ல நிரம்பிக்கொண்டு வந்தது. முன்பு கனவில் மேகம் வந்ததே, அது மாதிரி. ஆகையால் மேலே 'வருகிறேன்' என்று எழுதிய இடங்களையெல்லாம் நன்றாக அடித்துவிடு. கட்டிலைக் கழற்ற வேண்டாம், நாங்கள் 'அண்ட்' போட்டுக்கொண்டு விருந்தாளியாக வந்து போவோம். முடிந்தால் இன்னொரு கோட்டு, அளவு சிறியது. இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தில் பதில் எங்கே என்று நீ கேட்பாய். அதுவும் இருக்கிறது. நாங்கள் அப்படியே நின்றிருக்கையில் கீழே வாட்ச்மேன் கதவைத் தட்டினார். "உள்ள யாரு மாட்டிக்கிட்டீங்க? பயப்படாதீங்க! அந்த லிஃப்ட் மெக்கானிக் எங்க போய்த் தொலைஞ்சார்னு தெரியல, ஆள் அனுப்பட்டுமா?" என்று கத்தினார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் குனிந்து, ஒரு செய்தி வாக்கியம், தனி வாக்கியம், வாலே இல்லாத முற்றுப்புள்ளியோடு சொன்னார்:

"இங்கதான் இருக்கார்."